மனிதவளச் சங்கக் கிளையில் ஊதியமில்லாப் பொறுப்பு: எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது?

கேள்வி: கிளைச் செயலாளர், கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மனிதவள மேலாளராகப் பணியாற்றுகிறேன். எங்கள் தொழில்முறைச் சங்கத்தின் டெல்டா கிளைக்கு 2025 ஜூன் மாதம் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களுடன் காரைக்காலும் எங்கள் எல்லைக்குள் வருகிறது. உறுப்பினர்கள் 118 பேர். அவர்களுள் செயற்குழுவினர் 9 பேர். மருத்துவமனை, கல்லூரி, ஜவுளிக்கடை, நவீன அரிசி ஆலை, நிதி நிறுவனம் என்று பலவகை இடங்களில் இவர்கள் வேலை செய்கிறார்கள். வயலும் வாய்க்காலுமான இந்தப் பகுதியில் பெரிய தொழிற்சாலைகள் குறைவு என்பதால், மனிதவள அலுவலர் பெரும்பாலும் தம் நிறுவனத்தில் தனியொருவராகவே இருக்கிறார். ஓர் ஐயம் எழுந்தால் பக்கத்து மேசையில் கேட்பதற்கு ஆள் கிடையாது. அதனாலேயே இந்தக் கிளை நன்றாக நடக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

2025 நவம்பர் 21 அன்று, 29 பழைய சட்டங்களைத் தம்முள் அடக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, உடனே ஒரு விளக்கக் கூட்டம் வேண்டும் என்று உறுப்பினர்கள் பலரும் கேட்டார்கள். ஊதியத்திற்கான புதிய வரையறை, படிகள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்வது, குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என ஒவ்வொன்றும் அவர்கள் கையால் போடும் சம்பளப் பட்டியலைத் தொடும் செய்தி. டிசம்பர் முதல் சனிக்கிழமை மாலை தஞ்சாவூரில் கூட்டம் என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தோம். 62 பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். திருச்சியிலிருந்து தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஒருவர் வந்திருந்தார். வந்த உறுப்பினர்கள் 19 பேர்.

வராதவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் சிலரிடம் பிறகு பேசியபோதுதான் எனக்கே காரணம் விளங்கியது. மாதத்தின் முதல் வாரம் சம்பள வேலை. 15ஆம் தேதிக்குள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தொகைகளைக் கட்டியாக வேண்டும்; அதைத் தனியாகச் செய்பவர் அந்த நாட்களில் அலுவலகத்தை விட்டு நகர முடியாது. வேதாரண்யத்திலும் திருத்துறைப்பூண்டியிலும் இருப்பவர்கள் கார்த்திகை மழையில் இரவு எப்படித் திரும்புவது என்று தயங்கியிருக்கிறார்கள். இவற்றை நாங்கள் முன்கூட்டியே யாரிடமும் கேட்கவில்லை. அறிவித்தோம், உயர்ந்த விரல்களை எண்ணினோம், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிளையின் மாத மடலைத் தயாரிக்கும் பொறுப்பை மூத்த உறுப்பினர் ஒருவர் தாமாகவே முன்வந்து ஏற்றார். இரண்டு இதழ்கள் சிறப்பாக வந்தன, மூன்றாவது வரவேயில்லை. அவர் என்னைவிடப் பதினைந்து ஆண்டுகள் மூத்தவர். ஒரு ரூபாய் கூடப் பெறாமல் வேலை செய்தவர். மருத்துவமனையில் என்னிடம் வேலை செய்பவர் ஓர் அறிக்கையைத் தராவிட்டால் மறுநாள் காலையிலேயே கேட்டுவிடுவேன். இவரிடம் எந்த உரிமையில் கேட்பது என்று தெரியாமல் நான்கு மாதங்களைக் கடத்திவிட்டேன். அதோடு, முந்தைய தலைவர் இன்னமும் குழுவில் வரும் கேள்விகளுக்கெல்லாம் முதலில் பதில் சொல்லிவிடுகிறார். சில முடிவுகள் அவருடைய தொலைபேசியிலேயே எடுக்கப்பட்டு எங்களுக்குப் பிறகு தெரிகின்றன. அவர் கிளைக்காக உழைத்தவர் என்பதால் அவர் மனம் நோகாமல் இதைச் சரிசெய்ய விரும்புகிறேன்.

சம்பளமும் பதவி உயர்வும் கையில் இல்லாத ஓர் அமைப்பில் மற்றவர்களிடம் வேலையைக் கேட்டுப் பெறுவதும், எல்லோருக்கும் செய்தி போய்ச் சேரும்படி செய்வதும் எப்படி? இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.


பதில்: ஓய்வுபெற்ற பணியாளர் நல அலுவலர், திருச்சி

அம்மா, வணக்கம். ஒரு தொழிற்சாலையில் நல அலுவலராகச் சேர்ந்து, பணியாளர் துறைப் பொறுப்பில் ஓய்வுபெற்றவன் நான். உங்கள் மடலைப் படித்தபோது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய என் நிலையே நினைவுக்கு வந்தது.

நம் தொழிலின் சங்கங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1947இல் கல்கத்தாவில் தோன்றிய அமைப்பும் 1950இல் பம்பாயில் தோன்றிய அமைப்பும் 1980இல் ஒன்றாக இணைந்துதான் இன்றைய தேசியப் பணியாளர் மேலாண்மை நிறுவனம் உருவானது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைக்கு நல அலுவலர் வேண்டும் என்று 49ஆம் பிரிவில் சொன்னது. அப்படி நியமிக்கப்பட்டு, ஊருக்கு ஒருவர் இருவராக இருந்த நாங்கள், ஒருவரை ஒருவர் தேடிக்கொண்ட இடம்தான் கிளை. இப்போதைய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 250 ஆகக் குறைந்திருக்கிறது. 300 பேர் வேலை செய்யும் ஓர் ஆலை இதுவரை இல்லாத நல அலுவலரை நியமிக்கும்போது, அங்கே வந்து சேரும் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ முதலில் தேவைப்படுவது உங்கள் கிளையாகத்தான் இருக்கும். ஆகவே நீங்கள் படும் கவலை சரியான கவலை.

எண்பதுகளில் நான் கிளைச் செயலாளராக இருந்தபோது கூட்டச் செய்தி அஞ்சலட்டையில் போகும். நாற்பது அட்டைகளையும் நானே எழுதுவேன். வருகையை உறுதி செய்ய வேண்டிய கூட்டமாக இருந்தால் பதில் அட்டையோடு சேர்த்து அனுப்புவோம். எழுதும்போது அந்தந்த மனிதரின் முகம் நினைவில் வரும்; இவருக்கு இரவுப்பணி ஆயிற்றே, அவர் மகளுக்குத் திருமணம் ஆயிற்றே என்று தோன்றும்; அட்டையின் ஓரத்தில் அதைப் பற்றி ஒரு வரி சேர்ப்பேன். அந்த அட்டைகளில் பாதிக்கு மேல் பதில் வந்துவிடும். ஒரே செய்தியை 118 பேருக்கு ஒரு நொடியில் அனுப்பும்போது அது யாருக்கும் எழுதப்பட்டதாக இருப்பதில்லை. பெறுபவர், மற்ற 117 பேரில் யாராவது போவார்கள் என்றுதான் நினைப்பார். உயர்த்திய கட்டைவிரலுக்கு 'பார்த்தேன்' என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

காவிரிப் பாசனத்தில் வாழ்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்தார்கள், கல்லணையைத் தாண்டிவிட்டது என்று செய்தித்தாளில் வந்துவிட்டால் கடைமடை வயல் நனைந்துவிடுமா? யாராவது ஒருவர் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நடந்து, எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று பார்த்துக்கொண்டே கடைசி மடை வரை போக வேண்டும். உங்கள் செயற்குழுவில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். மற்ற உறுப்பினர்கள் 109 பேர். ஒருவருக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பெயர்களைப் பிரித்துக் கொடுங்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் எங்கே வேலை செய்கிறார்கள், எந்த நாளில் ஓய்வாக இருப்பார்கள், கிளையிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்திற்கு முன்பு ஒருமுறை, கூட்டம் முடிந்த வாரத்தில் ஒருமுறை, தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினால் போதும். வாட்ஸ்அப் குழு தேதியையும் இடத்தையும் சொல்வதற்கு மட்டும் இருக்கட்டும்.

என் பிழை ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த அட்டைகளை நானே எழுதினேன் என்றேன் அல்லவா? கணக்கையும் நானே பார்த்தேன், பேச்சாளரையும் நானே அழைத்தேன், நாற்காலிக்கும் நானே சொன்னேன். ஆறு ஆண்டுகள் அப்படியே ஓடின, எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு வெளியூருக்கு மாற்றல் வந்த பிறகு அந்தக் கிளை இரண்டு ஆண்டுகள் கூடவே இல்லை. முகவரிப் பட்டியல் எங்கே இருக்கிறது என்பது கூட வேறு யாருக்கும் தெரியவில்லை. நான் உழைத்ததாக நினைத்த ஆறு ஆண்டுகளில் மற்றவர்கள் பழகிக்கொள்ள ஓர் இடமும் விடாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. வேலையைப் பிரித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த வேலையைப் பற்றிய முடிவையும் அவர்களே எடுக்கும்படி விட்டுவிட வேண்டும். எனக்கு அது கடைசி வரை கைவரவில்லை.

மடல் தயாரித்த பெரியவரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள். 'ஏன் வரவில்லை' என்று தொடங்காமல், 'எப்படி இருக்கிறீர்கள்' என்று தொடங்குங்கள். நான்கு மாதங்களாக யாருமே கேட்கவில்லை என்பதுதான் அவருக்குக் குறையாக இருக்கக்கூடும்.


பதில்: ஜவுளி நிறுவன மனிதவள அலுவலர், மன்னார்குடி

அக்கா, வணக்கம். நான் தஞ்சாவூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் வேலை செய்கிறேன், வீடு மன்னார்குடியில். வேறொரு தொழில்முறை அமைப்பின் கிளைச் செயற்குழுவில் இருந்து பாதியில் விலகியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விலகியவர்கள் பேசினால்தான் உங்கள் கேள்விக்கு முழுமையான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் செயற்குழு எப்போதும் மாலை ஆறரை மணிக்குத் தஞ்சாவூரில் கூடும். பேசி முடிக்க எட்டரை ஆகிவிடும். அதற்குப் பிறகு பேருந்து பிடித்து வீடு சேரும்போது பத்தரை. கைக்குழந்தை இருந்த நேரம் அது. மூன்று கூட்டங்களுக்குப் போனேன், நான்காவதற்குப் போகவில்லை, ஐந்தாவதற்குப் போகாதபோது 'ஆர்வம் குறைந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கடையில் ஒரு விற்பனைப் பெண் வேலையை விட்டுப் போனால் கூட உட்கார வைத்து என்ன காரணம் என்று கேட்டு எழுதி வைப்பது நம் வேலை. அந்த வேலையைத் தொழிலாகச் செய்கிற இருபது பேர் இருந்த அமைப்பில், நான் ஏன் வரவில்லை என்று ஒருவர் கூட என்னிடம் கேட்கவில்லை. இதைக் கோபத்தோடு எழுதவில்லை. நம்மை அறியாமலேயே நாம் இப்படி இருந்துவிடுகிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே அமைப்பில் எனக்கு மிகவும் நிறைவு தந்த ஒரு வேலையும் உண்டு. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்து, கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமானது. அப்போதைய செயலாளர் என்னை அழைத்து, "அம்மா, மூன்று வாரத்தில் ஐந்து கடைகளைப் பார்த்து, இருக்கையை எங்கே போட்டிருக்கிறார்கள், பணியாளர்கள் உண்மையிலேயே உட்கார முடிகிறதா என்று இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா? போக்குவரத்துச் செலவுக்கு ஐந்நூறு ரூபாய் வரை என்னைக் கேட்க வேண்டாம்" என்று சொன்னார். என்ன வேலை, எப்போது முடியும், எவ்வளவு செலவு செய்யலாம், யாரிடம் தர வேண்டும் என்ற நான்கும் அந்த ஒரே பேச்சில் இருந்தன. நான் பார்த்த கடைகளில் முக்காலி கல்லாவுக்குப் பின்னால் இருந்தது. விற்பனைப் பெண்களோ துணி அடுக்கும் பக்கம் நின்றார்கள். அதை எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டினார்கள். இரண்டு கடைக்காரர்கள் முக்காலிகளை இடம் மாற்றியதாகவும் எனக்கு வந்து சொன்னார்கள். இன்றைக்குக் கூப்பிட்டாலும் அப்படியொரு வேலைக்குப் போவேன். 'செயற்குழு உறுப்பினர்' என்ற முடிவில்லாத பொறுப்புக்குப் போக மாட்டேன்.

ஆகவே என் கருத்து இது. 'மாத மடல் ஆசிரியர்' என்று ஒருவரைக் காலவரையின்றி நியமிக்காமல், 'மார்ச் முதல் மே வரை மூன்று இதழ்கள்' என்று கேளுங்கள். முடிந்ததும் அவர் விடைபெறலாம்; விரும்பினால் தொடரலாம். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர். ஒருவர் வீட்டில் உடல்நலக் குறைவு என்றால் மற்றவர் பார்த்துக்கொள்வார். 'என்னால் முடியவில்லை' என்று பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் சொல்வது, செயலாளரிடம் சொல்வதைவிட எளிது.

கூட்ட நாளைப் பற்றியும் ஒன்று. நம் பகுதியில் ஒவ்வொரு துறைக்கும் மூச்சுவிட முடியாத மாதம் வேறு வேறு. எங்களுக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும். கல்லூரிக்காரர்களுக்கு மே, ஜூனில் சேர்க்கை. அரிசி ஆலைகளுக்குச் சம்பா அறுவடை தொடங்கும் தை, மாசி. எல்லோருக்கும் பொதுவாக மாதத்தின் முதல் பதினைந்து நாட்கள் ஆகாது. இதை ஒரே தாளில் வரைந்து வைத்துக்கொண்டால் கூட்டத்தை எப்போது வைக்கக் கூடாது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நேரமும் பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை என்று இருந்தால் பெண்கள் பலர் வருவார்கள். வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். வேலை தேடுகிறவர்களின் சுயவிவரத்தை, தொலைபேசி எண்ணும் பிறந்த தேதியும் தெரிய, அப்படியே குழுவில் போடுகிறார்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி நிறுவனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நாமே இப்படிச் செய்யலாகாது. அதற்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்து, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு மட்டும் தனியே அனுப்பச் சொல்லுங்கள்.


பதில்: துறைமுகம் சார்ந்த நிறுவனம், காரைக்கால்

வணக்கம். திருச்சிப் பெரியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு பகுதியில் மாறுபடுகிறேன். தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினால் போதும் என்கிறார். முறைப்பணியில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் பகலில் வரும் அழைப்பை எடுக்க முடியாது. எடுக்காமல் விட்டால் பிறகு திருப்பி அழைக்கவும் கூச்சமாக இருக்கும். எனக்கு எழுத்தில் ஒரு கேள்வி வந்தால் இரவு பதினொரு மணிக்கானாலும் பதில் எழுதிவிடுவேன். ஆகவே அந்தப் பன்னிரண்டு பேரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்களோடு எந்த வழியில் பேசுவது வசதி என்பதுதான்.

காரைக்கால் உறுப்பினர்கள் ஏழு பேர் இருக்கிறோம். புதுச்சேரி அரசின் கீழ் வருவதால் எங்களுக்குத் தொழிலாளர் துறை வேறு, மாநில விதிகளும் விடுமுறைப் பட்டியலும் வேறு. கிளையிலிருந்து வரும் செய்திகளில் பாதி தமிழ்நாட்டு அரசாணைகள். அது எங்களுக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று ஒரு வரி இருப்பதில்லை. நான்கைந்து முறை அப்படி வந்த பிறகு, கிளையிலிருந்து வரும் எதையும் திறந்து பார்க்காத பழக்கம் வந்துவிட்டது. எங்களைப் புறக்கணிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறவர் எழுதும்போது எங்களை நினைத்துப் பார்க்கவில்லை. செய்தியின் முதல் வரியிலேயே இது யாருக்கு, எந்த நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது இருந்தால் கடைமடைக்காரர்களும் படிப்பார்கள்.

பெரியவர்களிடம் கேட்கத் தயங்குவதைப் பற்றி: தயவுசெய்து கேட்டுவிடுங்கள். கேட்காமல் இருப்பது மரியாதை என்று நாம் நினைக்கிறோம். கேட்கப்படாதவர் தம்மை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்.


பதில்: முன்னாள் பொருளாளர், மயிலாடுதுறை

முந்தைய தலைவரைப் பற்றிய பகுதிக்கு யாரும் பதில் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். உங்கள் கிளை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் தனியாகப் பதிவானதா, தலைமைச் சங்கத்தின் பதிவின் கீழ் இயங்குவதா என்பதை முதலில் பாருங்கள். தனிப் பதிவு என்றால் செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்று அச்சட்டமே சொல்கிறது. எப்படியிருந்தாலும், தொலைபேசியில் எடுத்த முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறி, செயற்குழு ஏற்றுக்கொள்ளும் வரை கிளையின் முடிவு ஆகாது என்ற ஒழுங்கை, யாரையும் குறிப்பிடாமல், அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அது எல்லோருக்கும் பொது என்பதால் அவர் மனம் நோகாது.

இது நமக்குப் புதியதும் இல்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியப் பொறுப்பில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மறுபடி குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்றும், கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்றும் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்ட குழுக்களுக்கு அந்த விதி தேவைப்பட்டிருக்கிறது என்றால், நம் கிளைக்குத் தேவைப்படுவதில் வியப்பில்லை.

அதே நேரத்தில் அவருக்கென்று ஒரு வேலை வேண்டும். நான் பொருளாளர் பொறுப்பைவிட்டு இறங்கிய முதல் ஆண்டில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதியவரின் கணக்கில் தேவையில்லாமல் தலையிட்டேன். அதை அவர் பொறுமையாகச் சகித்துக்கொண்டு, பிறகு ஒரு யோசனை சொன்னார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013இன்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு வேண்டும், அதில் வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். சிறிய ஊர்களில் அதற்குத் தகுதியானவர்கள் கிடைப்பது அரிது. தொண்டு நிறுவனங்களில் பணியாற்றும் தகுதியுள்ள பெண்களைச் சந்தித்து, பயிற்சிக்கு ஏற்பாடு செய்து, அவர்கள் சம்மதத்தோடு ஒரு பட்டியலைத் தயாரிக்கும் வேலையை எனக்குத் தந்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் அதிலேயே போனது. கணக்குப் புத்தகத்தின் பக்கம் நான் திரும்பவே இல்லை. உங்கள் முந்தைய தலைவருக்கு இருக்கும் தொடர்புகளுக்கு ஏற்ற ஒரு வேலையை, செயற்குழு கூடி, எழுத்தில் அவரிடம் வேண்டிக் கேளுங்கள்.


மறுமொழி: கிளைச் செயலாளர், கும்பகோணம்

எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்காகக் காத்திருந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மடல் தயாரித்த ஐயாவின் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்துவிட்டு, அவரே முதலில் பேச்சை எடுத்தார். உடல்நலக் குறைவோ நேரமின்மையோ காரணம் என்று நினைத்துப் போயிருந்தேன். இரண்டும் இல்லை. முதல் இதழுக்காக மூன்று இரவுகள் உட்கார்ந்து, இ.எஸ்.ஐ. ஊதிய வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டும் பணியாளருக்கு அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும் என்பதை எடுத்துக்காட்டுகளோடு எழுதியிருந்தார். இரண்டாவது இதழுக்கும் அப்படியே. "ஒருத்தர் கூட ஒரு வரி எழுதலை அம்மா. தப்பா இருக்குன்னு சொல்லியிருந்தாக்கூடச் சந்தோஷமா இருந்திருக்கும்" என்றார். அந்த இதழை வைத்துத்தான் எங்கள் மருத்துவமனையில் நான்கு செவிலியர்களின் பிடித்தத்தைச் சரிசெய்தேன். அதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொன்னபோது எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

மார்ச் முதல் மே வரை மூன்று இதழ்களுக்கு மீண்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார். மயிலாடுதுறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அவரோடு சேர்ந்து செய்கிறார். ஒவ்வொரு இதழின் முதல் பக்கத்திலும், எந்தச் செய்தி தமிழ்நாட்டுக்கு, எது காரைக்காலுக்கும் சேர்த்து என்று குறிப்பு இருக்கும். கடைசிப் பக்கத்தை உறுப்பினர்கள் எழுதும் கேள்விகளுக்கென்று விட்டிருக்கிறோம். செயற்குழுவினர் தங்கள் பன்னிரண்டு பேரிடமும், இதழில் எது பயன்பட்டது என்று கேட்டு அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் முடிவாக எழுதிக்கொண்டோம்.

பெயர்களைப் பிரித்தபோது ஒன்று தெரிந்தது. 109 பேரில் 23 பேரை எங்கள் ஒன்பது பேரில் யாருக்குமே முகம் தெரியவில்லை. சந்தா கட்டியிருக்கிறார்கள், குழுவில் இருக்கிறார்கள், யார் என்று எங்களுக்குத் தெரியாது. முதல் வேலையாக அவர்களைத்தான் தொடர்புகொள்கிறோம். தீர்மானப் புத்தகத்தைப் பற்றிய முடிவு எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. முந்தைய தலைவர் அதை முன்மொழிய ஒப்புக்கொண்டார் என்பதை மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். அவருக்கான வேலையை இன்னும் முடிவு செய்யவில்லை. வரும் கூட்டத்தில் அவரையே கேட்பதாக இருக்கிறோம்.

சட்டத் தொகுப்புகள் பற்றிய கூட்டத்தைத் திரும்ப நடத்துகிறோம். பிப்ரவரி 21, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை, திருவாரூரில். அரிசி ஆலைக்காரர்களுக்கு அது அறுவடை நேரம் என்பதால், அவர்களுக்காக ஏப்ரலில் தனியே ஒரு மணி நேரம் வைப்பதாக வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். காரைக்கால் ஏழு பேரின் பெயர்களை நானே எடுத்துக்கொண்டேன். ஐயா, அந்தத் தேதியும் நேரமும் உங்களுக்கும் மற்ற ஆறு பேருக்கும் வசதிப்படுமா? புதுச்சேரி விதிகளைப் பற்றி வழக்கறிஞரிடம் எதைக் கேட்க வேண்டும்?


பதில்: துறைமுகம் சார்ந்த நிறுவனம், காரைக்கால்

அம்மா, அந்த வாரம் எனக்குக் காலைப்பணி. இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்குள் வந்து சேர முடியாது. மூன்றேகால், மூன்றரை ஆகிவிடும். புதுச்சேரிப் பகுதியை இரண்டாவது மணி நேரத்திற்கு வைத்தால் நல்லது. மற்ற ஆறு பேரில் இருவரை எனக்கே தெரியாது. அவர்கள் பெயரை அனுப்புங்கள், நான் நேரில் போய்ப் பார்க்கிறேன். கேள்விகளை வியாழக்கிழமைக்குள் எழுதி அனுப்புகிறேன்.